கையசைவு எப்படி எண்ணாகிறது? பழைய வீட்டுக் கணினிகளில் ஜாய்ஸ்டிக்கும் வரைபலகையும்

1977 முதல் 1990-களின் தொடக்கம் வரை வீடுகளுக்குள் வந்த கணினிகளை இன்றும் ஓடவைத்துப் பயன்படுத்துகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். காமடோர் 64, அடாரி 800, ஆப்பிள் II, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், அமிகா என்று அந்தப் பட்டியல் நீளும். பழுதான மின்வழங்கிக்குப் புதியது கிடைக்கிறது. ஒலிநாடாவும் ஃபிளாப்பியும் இருந்த இடத்தை மெமரி கார்டு பிடித்துவிட்டது. கையில் பிடிக்கும் கருவிகளின் விஷயம் மட்டும் அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. எந்த ஜாய்ஸ்டிக் எந்தக் கணினியில் வேலை செய்யும், இன்றைய யுஎஸ்பி கேம்பேடைப் பழைய போர்ட்டில் பொருத்தலாமா, வரைபலகையில் இழுக்கும் கோடு ஏன் நடுங்குகிறது என்ற கேள்விகள் ஓயாமல் எழுகின்றன. இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: கையின் அசைவை எந்த வடிவில் கணினிக்குள் அனுப்புவது?

வீட்டுக் கணினிகள் பிறப்பதற்கு முன்பே இதற்கு மிகத் திருத்தமான ஒரு விடை இருந்தது. 1964-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் டேவிஸும் எல்லிஸும் உருவாக்கிய ராண்ட் வரைபலகை, 10 அங்குலச் சதுரப் பரப்பில், அங்குலத்துக்கு 100 கோடுகள் என்ற நுட்பத்தில், பேனா இருக்கும் இடத்தைத் தானே எண்ணாக மாற்றிக் கணினிக்குக் கொடுத்தது. அதன் விலை சுமார் 18,000 டாலர். வீட்டுக் கணினி செய்தவர்களுக்கு அதைவிட நல்ல விடை தேவைப்படவில்லை. ஒரு குடும்பம் வாங்கக்கூடிய விடை தேவைப்பட்டது. அளக்கும் வேலையைக் கருவியிடமிருந்து எடுத்துக் கணினியிடம் ஒப்படைப்பதே அவர்கள் கண்ட வழி. பின்னாளில் எழுந்த இணைப்புச் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த முடிவிலிருந்து கிளைத்தவை என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஐந்து சுவிட்சுகள்

முதல் விடை அடாரியுடையது. 1977-இல் வெளியான அடாரி விசிஎஸ் விளையாட்டுக் கருவியோடு வந்த ஜாய்ஸ்டிக்கிலும், அதைத் தொடர்ந்து வந்து பெரும் புகழ்பெற்ற சிஎக்ஸ்40-இலும் அளவிடும் பாகம் எதுவும் கிடையாது. உள்ளே இருப்பவை ஐந்து சுவிட்சுகள்: திசைக்கு நான்கு, சுடுவதற்கு ஒன்று. ஒன்பது பின் கொண்ட இணைப்பில் 1 முதல் 4 வரை மேல், கீழ், இடம், வலம். 6-ஆவது பின் சுடும் பொத்தான். 8-ஆவது பின் தரை. கணினி ஒவ்வொரு கம்பியையும் 5 வோல்ட்டில் தாங்கிப் பிடித்திருக்கும். சுவிட்ச் மூடியதும் அந்தக் கம்பி பூஜ்யத்துக்கு இறங்கும். நிரல் செய்ய வேண்டியதெல்லாம் ஒரே ஒரு நினைவக முகவரியைப் படிப்பதுதான். காமடோர் 64-இல் இரண்டாம் போர்ட்டுக்கு அது 56320. முதல் போர்ட்டுக்கு 56321.

இந்த எளிமைதான் இதன் ஆயுள். அடாரி 400, 800 (1979), காமடோர் 64 (1982), அடாரி எஸ்டி, அமிகா (இரண்டும் 1985) ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக இதே இணைப்பை ஏற்றன. ஸ்குரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் நாற்பது ஆண்டு பழைய ஜாய்ஸ்டிக்கை இன்றும் சரிசெய்துவிடலாம்.

குறைகளும் இதே எளிமையிலிருந்து வந்தவை. கை எவ்வளவு தள்ளியது என்பது தெரியாது. தள்ளியதா இல்லையா என்பது மட்டும் தெரியும். ஒரே பொத்தான் என்பதால் குதிப்பதற்கு ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளும் வழக்கம் அக்கால விளையாட்டுகளில் வேரூன்றியது. இன்றைய கேம்பேடோடு வளர்ந்தவர்களை அது திணறடிக்கிறது. காமடோர் 64-இல் இன்னொரு சங்கடமும் உண்டு. அங்கே ஜாய்ஸ்டிக் கம்பிகளும் விசைப்பலகைக் கம்பிகளும் ஒரே 6526 சிப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. முதல் போர்ட்டில் ஜாய்ஸ்டிக்கைச் செருகி, பேசிக் திரையில் அதை அசைத்தால், யாரோ தட்டச்சு செய்வதைப் போல எழுத்துகள் விழும். பல விளையாட்டுகள் இரண்டாம் போர்ட்டையே கேட்பதற்குக் காரணம் இதுதான்.

பிரிட்டனில் 1982-இல் வந்த ஸ்பெக்ட்ரத்தில் ஜாய்ஸ்டிக் போர்ட்டே இல்லை. அந்த வெற்றிடத்தைப் பலர் பலவிதமாக நிரப்பினார்கள். கெம்ப்ஸ்டன் இணைப்பு 31 என்ற போர்ட் எண்ணில் தனியாகப் பேசியது. சின்க்ளேரின் இன்டர்ஃபேஸ் 2, விசைப்பலகையின் எண் விசைகளை அழுத்தியதாகக் காட்டியது. புரோடெக் இணைப்பு 5, 6, 7, 8 என்ற அம்புக்குறி விசைகளைப் பிடித்துக்கொண்டது. விளைவாக, விளையாட்டு தொடங்கும் முன் எந்த ஜாய்ஸ்டிக் என்று கேட்கும் பட்டியல் ஸ்பெக்ட்ரம் உலகின் நிரந்தர முகப்பாயிற்று. கருவி ஒன்றாக இருந்தும் கணினிக்குள் அது பேசும் முறை வேறுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல சான்று.

எவ்வளவு தூரம் என்று அளந்தவர்கள்

இரண்டாவது விடை, அசைவின் அளவையும் அனுப்புவது. ஆப்பிள் II (1977) இதன் முன்னோடி. அதை வடிவமைத்த ஸ்டீவ் வோஸ்னியாக், பிரேக்அவுட் விளையாட்டைப் பேசிக் மொழியிலேயே எழுத முடிய வேண்டும் என்று விரும்பி, சுழற்றும் குமிழான பேடிலுக்கு இயந்திரத்திலேயே இடம் வைத்தார். பேடிலுக்குள் இருப்பது 150 கிலோ ஓம் மாறு மின்தடை ஒன்று மட்டும். கணினிக்குள் 558 என்ற டைமர் சிப். நிரல் ஒரு முகவரியைத் தொட்டதும் மின்தேக்கி நிரம்பத் தொடங்கும். நிரம்பும் வரை நிரல் எண்ணிக்கொண்டிருக்கும். குழாயை எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்பதைக் குடம் நிரம்பும் நேரத்தை வைத்துச் சொல்வதைப் போன்ற முறை இது. ஒரு எண்ணுக்கு 11 மைக்ரோவிநாடி. 255 வரை எண்ண ஏறத்தாழ 2.8 மில்லிவிநாடி.

இங்கே அளவுகோல் எது என்பதைக் கவனிக்க வேண்டும். கணினியின் வேகம்தான் அளவுகோல். அதனால்தான் ஆப்பிள் II-க்குப் பின்னாளில் வந்த வேகமூட்டும் அட்டைகள் பேடிலைப் படிக்கும் தருணத்தில் மட்டும் பழைய வேகத்துக்கு இறங்க வேண்டியிருந்தது. ஐபிஎம் பிசியின் (1981) பதினைந்து பின் கேம் போர்ட்டும் இதே உத்தியைப் பின்பற்றியது. பிசிக்களின் வேகம் ஆண்டுதோறும் ஏறியபோது, பழைய வேகத்தை நம்பி எழுதிய விளையாட்டுகளில் ஜாய்ஸ்டிக் தப்பான எண்களைக் கொடுத்தது. வேகத்துக்கேற்பத் திருகிச் சரிசெய்யும் கேம் அட்டைகள் தனியாக விற்பனைக்கு வந்தன.

காமடோரும் அடாரியும் இந்த எண்ணும் வேலையை நிரலிடமிருந்து எடுத்து ஒலிச் சிப்பிடம் கொடுத்தன. அடாரியில் போக்கி சிப் 228 வரை எண்ணும். காமடோர் 64-இல் சிட் சிப் 512 சுழற்சிகளில் ஒரு அளவை முடிக்கும்: முதல் பாதியில் மின்தேக்கியைக் காலிசெய்து, மறுபாதியில் நிரம்புவதை எண்ணுகிறது. இது ஆப்பிளின் வழியைவிடச் சீரானது. ஆனால் அங்கேயும் விசைப்பலகை குறுக்கே வருகிறது. எந்த போர்ட்டின் பேடிலை அளப்பது என்று தேர்ந்தெடுக்கும் இரண்டு கம்பிகள் விசைப்பலகையைத் துழாவும் கம்பிகளோடு பொதுவானவை. விசைப்பலகைத் துழாவலை நிறுத்திவைத்து, சிட் ஒரு முழுச் சுற்று முடிக்கும் வரை காத்திருந்து படிக்காத நிரலில் எண்கள் தாறுமாறாகக் குதிக்கும்.

மற்ற இரு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டேண்டியின் கலர் கம்ப்யூட்டர் (1980), ஒலிக்கு வைத்திருந்த 6 பிட் மாற்றியையே கொண்டு ஒப்பிட்டுப் பார்த்து 64 படிகளில் அளந்தது. விளையாட்டுக்கு அது போதும். படம் வரையப் போதாது. பிபிசி மைக்ரோ (1981) மட்டும் இதற்கென்றே ஒரு அளவிடும் சிப்பை வைத்தது. 1984-இல் இந்தியப் பள்ளிகளுக்கான கிளாஸ் திட்டத்தில் இங்கு வந்த கணினிகளும் இந்த பிபிசி மைக்ரோக்களே. அந்தச் சிப் நுட்பமானது, ஆனால் மெதுவானது: ஒரு தடத்துக்குச் சுமார் 10 மில்லிவிநாடி. பள்ளி ஆய்வகத்தில் வெப்பநிலை அளக்க உகந்த இந்தத் துல்லியம், விரைவான விளையாட்டில் தயக்கமாக உணரப்பட்டது.

ஒரே வடிவம், வெவ்வேறு உடன்பாடு

ஒன்பது பின் இணைப்பு எல்லாருக்கும் பொதுவானது என்ற நம்பிக்கை பரவலானது, பாதி உண்மையும்கூட. அந்தப் பாதியே ஆபத்தானது. அடாரி, காமடோர் வழியில் 5 வோல்ட் 7-ஆவது பின்னில் வரும். ஜப்பானிலிருந்து 1983-இல் வந்த எம்எஸ்எக்ஸ் கணினிகளில் அது 5-ஆவது பின்னில். தரை 9-ஆவது பின்னில். ஆம்ஸ்டிராட் வெளியிட்ட ஸ்பெக்ட்ரம் +2 (1986) உள்ளே ஜாய்ஸ்டிக் போர்ட் வைத்திருந்தும் பின்களின் வரிசையை மாற்றியிருந்தது. கடையில் கிடைத்த சாதாரண ஜாய்ஸ்டிக் அதில் நேரடியாக வேலை செய்யாது. எஸ்டி மௌஸும் அமிகா மௌஸும் ஒரே தத்துவத்தில் ஓடுபவை, ஒரே இணைப்பைக் கொண்டவை. ஆனாலும் கம்பிகள் இடம் மாறியிருப்பதால் ஒன்றுக்கு ஒன்று உதவாது.

அதிக எச்சரிக்கை தேவைப்படுவது சேகாவின் மெகா டிரைவ் கேம்பேடுக்கு. கையில் நன்றாக அடங்குவது, இன்றும் எளிதில் கிடைப்பது என்பதால் பலர் அதையே நாடுகிறார்கள். ஆனால் அதனுள் இருப்பவை வெறும் சுவிட்சுகள் மட்டுமல்ல. ஒரு தேர்வுச் சிப் கம்பிகளைத் தானே 5 வோல்ட்டுக்கோ பூஜ்யத்துக்கோ இழுத்துப் பிடிக்கிறது. காமடோர் 64-இல் அதே கம்பிகளை விசைப்பலகைக்காக 6526 சிப்பும் இழுக்கும். இரண்டு சிப்கள் ஒரே கம்பியை எதிரெதிராக இழுக்கும் நிலை எப்போதாவதுதான் நேரும் என்று சிலர் வாதிடுகிறார்கள். வேலை செய்கிறது என்பதையே பாதுகாப்பானது என்பதற்கான சான்றாக அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மாற்றுச் சிப் கிடைப்பது அருகிவரும் காலத்தில் இந்த வாதத்தை ஏற்பது கடினம். இடையில் டயோடுகளோ உரிய அடாப்டரோ வைத்துப் பயன்படுத்துவதே தகுந்தது.

பேடிலாக வேடமிட்ட வரைபலகை

வரைபலகையின் கதையில்தான் மேலே சொன்ன முடிச்சுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. ஆப்பிள் நிறுவனமே 1979-இல் ஆப்பிள் II-க்கு ஒரு வரைபலகையை விற்றது. தனி அட்டை, தனிப் பேனா, ராண்ட் வழியில் வந்த நுட்பம். விலையோ சாதாரண வீட்டுக்கு எட்டாதது. வெர்சாரைட்டர் என்ற கருவி வேறொரு குறுக்குவழி கண்டது. இரு மூட்டுகள் கொண்ட ஒரு கரம், மூட்டுக்கு ஒரு மாறு மின்தடை. இரு கோணங்களைப் பேடில் போலப் படித்து, பேனா நுனி இருக்கும் இடத்தை நிரல் கணக்கிட்டுக்கொள்ளும்.

உண்மையில் வீடுகளுக்குள் நுழைந்தது கோலாபேட். டேவிட் தார்ன்பர்க் வடிவமைத்து கோலா டெக்னாலஜிஸ் 1980-களின் முற்பகுதியில் விற்ற இந்தப் பலகையின் வரையும் பரப்பு ஏறத்தாழ 4 அங்குலச் சதுரம். அழுத்தினால் ஒன்றையொன்று தொடும் மின்தடைப் படலங்கள். மேற்புறத்தில் இரண்டு பொத்தான்கள். விரலாலும் வரையலாம், கூடவே வந்த குச்சியாலும் வரையலாம். கணினியைப் பொறுத்தவரை இது வரைபலகையே அல்ல. ஒரு ஜோடி பேடில். கிடைத்திசை ஒரு பேடிலாகவும் செங்குத்துத்திசை இன்னொன்றாகவும் தோன்றும். பொத்தான்கள் பேடில் பொத்தான்களின் இடத்தில், அதாவது ஜாய்ஸ்டிக்கின் இடம், வலம் கம்பிகளில் வரும். புதிய அட்டையோ புதிய இணைப்போ தேவையில்லாமல் ஆப்பிள், அடாரி, காமடோர், ஐபிஎம் ஆகிய வெவ்வேறு கணினிகளுக்கு அதை விற்க முடிந்ததற்கு இதுதான் காரணம்.

பேடில் கொடுப்பது அதிகபட்சம் 256 படிகள். காமடோர் 64-இன் பலவண்ணப் படமுறை 160 × 200 பிக்சல். அடாரியின் வண்ணப் படமுறைகளில் முக்கியமான ஒன்று 160 × 192. இரண்டுக்கும் 256 படிகள் போதும். காமடோரின் 320 பிக்சல் அகல முறைக்கோ, ஆப்பிளின் 280 பிக்சல் அகலத்துக்கோ போதாது. காமடோரில் கோலாபேடோடு வந்த கோலாபெயின்ட்டர் பலவண்ண முறையில் அமைந்தது இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. அந்த நிரலின் கோப்பு வடிவம் பலகையைவிட நீண்டகாலம் வாழ்கிறது: 8,000 பைட் படத் தரவு, ஆயிரம் ஆயிரமாக இரண்டு வண்ணப் பட்டியல்கள், பின்னணிக்கு ஒரு பைட், ஏற்றும் முகவரிக்கு இரண்டு, மொத்தம் 10,003 பைட். இன்றும் காமடோர் ஓவியர்கள் இந்த வடிவத்தில் படங்களைச் சேமிக்கிறார்கள்.

பலவீனங்களை மறைப்பதற்கில்லை. அளவு ஓரிரு எண்கள் முன்பின் ஆடிக்கொண்டே இருக்கும். அடுத்தடுத்த அளவுகளின் சராசரியை எடுத்தால் நடுக்கம் குறையும், கோடு கைக்குப் பின்னால் இழுபடும். எடுக்காவிட்டால் கோடு நடுங்கும். விரல் பலகையை விட்டு எழும்போது எண் ஒரு முனைக்குத் தாவுவதால், அது அசைவா விலகலா என்று நிரல் ஊகிக்க வேண்டும். பேனாவின் அழுத்தத்தை அளக்க வழியே இல்லை.

ஒளிப்பேனா இன்னொரு மாற்று. 1963-இல் ஐவன் சதர்லாந்தின் ஸ்கெட்ச்பேட் வரைநிரல் பயன்படுத்தியது அதையே. டிவி திரையில் எலக்ட்ரான் கற்றை பேனாவைக் கடக்கும் கணத்தைக் காமடோரின் திரைச் சிப்பே பதிவுசெய்துகொள்ளும். கருவி மலிவு, கை வலிக்கும், எல்சிடி திரையில் அந்தக் கற்றையே இல்லை.

மௌஸ் இந்தப் போட்டியை ஏறத்தாழ முடித்துவைத்தது. 1985 ஜூலையில் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் அமிகாவை அறிமுகப்படுத்தியபோது ஆண்டி வார்ஹோல் பாடகி டெபி ஹாரியின் முகத்தை மேடையில் வரைந்தது மௌஸால்தான். காமடோர் 64-க்கு வந்த 1351 மௌஸ் தனிக் கவனத்துக்குரியது. அது சிட் சிப் மின்தேக்கியைக் காலிசெய்யும் தருணத்தைக் கம்பியில் உணர்ந்து, அந்த நேரத்தோடு தன்னை ஒத்திசைத்துக்கொண்டு, வேண்டிய எண் வரும்படி துடிப்பை அனுப்பும். மின்தடை எதுவும் இல்லாமல் பேடில் போலப் பேசும் கருவி. பேடில் கம்பி வழியே நடுக்கமில்லாத எண்ணை அனுப்ப முடியும் என்று அது காட்டியது.

இன்று முன்வைக்கப்படும் வழிகள்

பழைய கருவியையே பழுதுபார்த்துப் பயன்படுத்த வேண்டும் என்பது முதல் தரப்பு. சுவிட்ச் ஜாய்ஸ்டிக்குகளுக்கு இது முற்றிலும் சாத்தியம். பேடிலும் வரைபலகையும் அப்படியல்ல. கரிப் பூச்சு தேயும், படலம் இறுகும், கணினிக்குள் உள்ள மின்தேக்கியின் மதிப்பும் காலப்போக்கில் நகரக்கூடும். அப்போது தப்பு எந்தப் பக்கம் என்று பிரித்தறிவதே பெரும்பாடு. புதிதாக வாங்கியதும் பொருந்தாமல் போகலாம்: அடாரியின் 1 மெகா ஓம் பேடிலைக் காமடோரில் செருகினால், பாதிச் சுழற்சியிலேயே எண் உச்சிக்குப் போய்விடும்.

இரண்டாம் தரப்பு அடாப்டர்களை நம்புகிறது. யுஎஸ்பி மௌஸையும் கேம்பேடையும் ஒன்பது பின் போர்ட்டில் பேசவைக்கும் மௌஸ்டர், புளூடூத் கேம்பேடுகளைக் காமடோரோடு இணைக்கும் யூனிஜாய்ஸ்டிக்கிள் போன்றவை இந்த வழியில் வந்தவை. தாமதம் கூடுகிறது என்பது இவற்றின் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அதில் உண்மை உண்டு, ஆனால் மிகைப்படுத்தவும் படுகிறது. ஐரோப்பிய காமடோரில் ஒரு திரைச் சட்டகம் 20 மில்லிவிநாடி. ஒரு சட்டகத்துக்கு ஒருமுறையே ஜாய்ஸ்டிக்கைப் படிக்கும் விளையாட்டில் சில மில்லிவிநாடிகள் அந்த இடைவெளிக்குள்ளேயே பெரும்பாலும் கரைந்துவிடும். மின்னோட்டம் அதைவிடக் கனமான கவலை. காமடோர் 64-இன் போர்ட் 50 மில்லிஆம்பியர் வரை மட்டுமே தரலாம் என்று அதன் கையேடு சொல்கிறது. யுஎஸ்பி கருவி 500 வரை கேட்கலாம்.

மூன்றாவது வழி, கணினியையே வேறொன்றில் மறுஉருவாக்குவது. வைஸ் எமுலேட்டர் 1351 மௌஸையும் கோலாபேடையும்கூடப் பாவனை செய்கிறது. உள்ளமைப்பை மாற்றியமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சிப்பில் பழைய கணினியை மீண்டும் கட்டும் மிஸ்டர் திட்டம் அசல் கருவிகளை நேரடியாகச் செருகவும் வழிவைத்திருக்கிறது. விளையாட்டுக்கு இவை நன்றாகவே உதவுகின்றன. வரைவதில்தான் தயக்கம். கோலாபேடில் பலகையின் மூலை என்பது திரையின் மூலை. கை எங்கே இருக்கிறதோ புள்ளி அங்கே. மௌஸ் சொல்வது எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும். கோலாபேட் இருக்குமிடத்தில் மௌஸை வைத்தால் நிரல் ஓடும்; கை கற்றுக்கொண்டது ஓடாது.

தீராமல் இருப்பவை

சுவிட்ச் ஜாய்ஸ்டிக்கைப் பொறுத்தவரை கேள்வி ஏறத்தாழ முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். கணினியைத் தொடாமல் போர்ட்டுக்கு வெளியே நிற்கும், தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே கொண்டுவரும் அடாப்டரே இப்போதைக்கு நம்பத்தகுந்த வழியாகத் தெரிகிறது. அளவிடும் கருவிகளில் வேலை மிச்சம் இருக்கிறது. இன்றைய யுஎஸ்பி வரைபலகை தரும் இடத்தை, 1351 செய்ததைப் போல சிட் சிப்பின் நேரத்துக்கு ஒத்திசைத்து, கோலாபேட் தரும் எண்ணாகவே கொடுப்பது தொழில்நுட்பப்படி இயலக்கூடியதே. ஆப்பிளுக்கும் அடாரிக்கும் நேரக் கணக்கு வேறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அளந்து அமைக்க வேண்டும்.

அங்கே ஒரு முன்கேள்வி நிற்கிறது. புத்தம் புதிய கோலாபேட் நான்கு மூலைகளிலும் நடுவிலும் என்னென்ன எண்களைக் கொடுத்தது? இன்று கையில் இருக்கும் பலகைகள் எல்லாம் நாற்பது ஆண்டு மூப்படைந்தவை. அவற்றில் ஒன்றிரண்டை மட்டும் அளந்து அதையே அசல் என்று சொல்ல முடியாது. பல பலகைகளைப் பல கணினிகளில் அளந்து ஒப்பிட்டால் மட்டுமே ஒரு நம்பகமான அளவு கிடைக்கலாம். அதன் பிறகும், நடுக்கத்தை என்ன செய்வது என்பதில் ஒருமித்த கருத்து எளிதில் வராது. அதை நீக்கித் தூய கோடு தருவதே வரைபவருக்குச் செய்யும் உதவி என்பார்கள் ஒரு சாரார். 1984-இல் அந்தப் பலகையில் வரைந்த கை அந்த நடுக்கத்தைக் கணக்கில் எடுத்தே கோட்டை இழுத்தது, நிரலும் அதற்கேற்பவே எழுதப்பட்டது என்பார்கள் மறுசாரார். அடாப்டரில் அதை விருப்பப்படி கூட்டவோ குறைக்கவோ வைக்கலாம் என்பது நடைமுறைத் தீர்வாகத் தோன்றுகிறது; ஆனால் தொடக்க நிலையாக எதை வைப்பது என்ற கேள்வி அப்போதும் எஞ்சியிருக்கும்.